மாமரப் பட்டையில் வெள்ளைத் திட்டு... நோயா, சாட்சியா?

‘மாமரத்தின் அடிமரத்தில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு. ஒரு பக்கம் மஞ்சள் பொடி அப்பியிருக்கிறது. மரம் பட்டுப்போய்விடுமா, என்ன மருந்து அடிக்கலாம்?’ மாமரம் வைத்திருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தத் திட்டு இல்லாத பழைய மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருந்து வேண்டாம். அது நோய் இல்லை. பெயர் லைக்கன். அந்தத் திட்டுக்கு வேறொரு மதிப்பு உண்டு. சிப்காட் ஆலைகள் ஒரு பக்கம், கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் ஒரு பக்கம், ஆறுவழிச் சாலை ஒரு பக்கம் என்று இருக்கும் இந்த எல்லைப் பகுதியில், நம் நிலத்துக் காற்று எப்படி இருந்தது என்பதைத் தன் உடம்பிலேயே பதிந்துவைத்திருக்கும் உயிர் அது. அதை முறையாக எடுத்து, தேதி போட்டு, ஓர் உலர்தாவரச் சேமிப்பகத்தில், அதாவது ஹெர்பேரியத்தில் சேர்த்துவிட்டால், 50 வருடம் கழித்தும் அதைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

மூன்று மொழியில் ஒரே பொருள்

லைக்கன் என்றால் புதிதாகத் தோன்றலாம். செட்டிநாட்டு மசாலாவிலும் பிரியாணியிலும் போடும் கல்பாசியைத் தெரியாதவர் யார்? அதுவும் லைக்கன்தான். ஓசூர் கடைத்தெருவில் தமிழில் கல்பாசி என்றும், கன்னடத்தில் கல்லு ஹூவு என்றும், தெலுங்கில் ராத்தி புவ்வு என்றும் கேட்டு வாங்குகிறார்கள். கன்னடமும் தெலுங்கும் கல்லில் பூத்த பூ என்கின்றன. தமிழ் பாசி என்கிறது. உண்மையில் அது பூவும் இல்லை, வெறும் பாசியும் இல்லை.

ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி, வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரித்துப் பூஞ்சைக்கும் கொடுக்கிறது. நிலம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது என்று வாரத்துக்கு விட்ட கணக்கு மாதிரி. சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1860-களில் இதைச் சொன்னபோது அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. இன்று இது பள்ளிப் பாடம்.

விவசாயிக்கு முக்கியமான விஷயம், லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. பட்டை அதற்கு உட்கார ஒரு திண்ணை, அவ்வளவுதான். தண்ணீரும் சத்தும் மழை, பனி, தூசி வழியாகக் காற்றிலிருந்தே வருகின்றன. மா இலையின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதுபோல லைக்கனுக்குக் கிடையாது. அதனால் காற்றில் வருவது நல்லதோ கெட்டதோ, உள்ளே இறங்கிவிடும். இலையைப் போல வருடா வருடம் உதிர்ந்து புதிதாகத் துளிர்ப்பதும் இல்லை. ஈயம், துத்தநாகம், பாதரசம் என்று வந்து சேர்ந்தவற்றில் பெரும்பகுதி வருடக்கணக்கில் அங்கேயே தங்கும். வளர்ச்சியும் மெதுவானது. பல வகைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும். பாறையில் ஒட்டிப் படரும் வகைகள் அதைவிடக் குறைவு. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று, அதைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளையைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்.

தோப்பில் நின்று பார்த்தால்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். மாமரத்தின் அடியில், நிழல் பக்கமாக மஞ்சள் பொடி தூவியதுபோல இருப்பது பெரும்பாலும் கிரைசோத்ரிக்ஸ். சாம்பல் நிறத்தில் பட்டையோடு அழுத்தமாக ஒட்டி, ஓரம் மடல் மடலாகப் பிரிந்து வட்டமாகப் பரவுவது பிக்ஸின் அல்லது டிரினேரியா. தென்னையிலும் இவை உண்டு. வழவழப்பான பட்டையில் கறுப்புக் கோடுகள் கிறுக்கியது மாதிரி, ஏதோ தெரியாத மொழியில் எழுதியது மாதிரி இருந்தால் அது கிராஃபிஸ். எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வயலோரப் பாறையில் இலை இலையாகப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் படர்வது சாந்தோபார்மீலியா வகையாக இருக்கும். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் என்றால் கேலோப்ளாக்கா குடும்பம்.

இத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. மா இலையின்மேல் செங்கல் நிறத்தில் வெல்வெட் போன்ற வட்டப் புள்ளிகள் வந்தால் அது சிவப்பு துரு. செஃபலூரஸ் என்ற ஒட்டுண்ணிப் பாசியால் வருவது. அதற்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். கிளை கவட்டையில் வெள்ளையாகத் தொடங்கி இளஞ்சிவப்பாக மாறும் படலம் வந்து, அதற்கு மேலுள்ள கிளை காய்ந்தால் அது இளஞ்சிவப்பு நோய். கிளையை வெட்டி எரித்துவிட்டு வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். கிளை காயாமல், பட்டை உரியாமல், பல வருடமாக அப்படியே இருக்கும் திட்டு லைக்கன்.

நலிந்த மரத்தில் லைக்கன் அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதனால்தான் மரம் நலிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது தலைகீழ். இலை குறைந்ததும் அடிமரத்தில் வெயில் விழுகிறது. வெயில் விழுந்ததும் லைக்கன் பரவுகிறது. அந்த மரத்தில் பார்க்க வேண்டியது தண்டுத் துளைப்பானையும் வேரையும்தான். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய்க் காட்டினால், மருந்துச் செலவு மிச்சமாகும்.

பாரிஸ் பூங்காவிலிருந்து கொடைக்கானல் வரை

லைக்கன் காற்றைக் காட்டும் என்பது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை. பாரிஸ் நகரில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர் 1866-ல், லக்சம்பர்க் பூங்காவில் இருக்கும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லை என்று எழுதினார். அவற்றைக் கொண்டே காற்றின் தரத்தை அளக்கலாம் என்றார். 1970-ல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர், மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்துக் காற்றில் கந்தகப் புகை எவ்வளவு என்று மதிப்பிட 0 முதல் 10 வரை ஓர் அளவுகோலே தயாரித்தார்கள். அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து நம் ஊர் மாமரத்தில் வைக்க முடியாது. அங்குள்ள இனங்கள் வேறு, குளிர் வேறு. ஆனால் வழி ஒன்றுதான்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூரில், நகரத் தெருக்களிலும் லால்பாக் தோட்டத்திலும் எந்தெந்த லைக்கன்கள் இருக்கின்றன, அவற்றில் என்னென்ன உலோகங்கள் சேர்ந்திருக்கின்றன என்று லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மற்றவர்களும் ஆராய்ந்து, 2003-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். லால்பாக்கில் அதற்கு முன்பே ஒரு பட்டியல் எடுக்கப்பட்டிருந்ததால் ஒப்பிட முடிந்தது. பழைய பட்டியலும் புதிய பட்டியலும் ஒன்றாக இல்லை. பழைய பட்டியல் என்று ஒன்று இருந்ததால்தான் மாறியிருக்கிறது என்று சொல்லவே முடிந்தது.

கொடைக்கானலில் நடந்தது இன்னும் நேரடியான விஷயம். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் எவ்வளவு தூரம் பரவியது என்ற கேள்வி வந்தபோது, விஞ்ஞானிகள் அந்த வட்டாரத்து லைக்கனையும் பாசத்தையும் எடுத்துப் பாதரசத்தை அளந்தார்கள். 2003-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆலை கதவை மூடிய பிறகும் மரத்தில் இருந்த லைக்கன் கணக்கை வைத்திருந்தது.

இனி ஹெர்பேரியத்துக்கு வருவோம். அமெரிக்காவின் லாரி, ஹேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1981-ல் வெளியிட்ட ஆய்வில், வடகிழக்கு அமெரிக்காவில் பல காலகட்டங்களில் சேகரித்து ஹெர்பேரியத்தில் வைத்திருந்த லைக்கன்களை எடுத்து அவற்றில் ஈயத்தை அளந்தார்கள். கார்கள் பெருகி, ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த காலத்தின் தடம் அந்தப் பொட்டலங்களுக்குள் இருந்தது. அவற்றைச் சேகரித்தவர்கள் ஈயத்தைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்ன இடம், இன்ன மரம், இன்ன தேதி என்று எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டது. ஓசூர் சிப்காட் 1970-களில் வந்தது. அதற்கு முன்னால் இங்கே ஒரு மாமரத்திலிருந்து எடுத்த லைக்கன் பொட்டலம் ஒன்று கையில் இருந்தால், ஐம்பது வருடத்தில் இந்த மண்ணின்மேல் என்ன இறங்கியிருக்கிறது என்று அளந்துவிடலாம். அன்று எடுக்காததை இன்று எடுக்க முடியாது. இன்று எடுக்கக்கூடியதும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது பழைய புளியமரங்கள் போகின்றன, குவாரிக்குப் பாறை போகிறது, தோப்பு மனையாகிறது. ஒரு பாறையின் முகத்தை வெடி வைத்துப் பெயர்த்துவிட்டால், அதன்மேல் நூறு வருடமாகப் படர்ந்திருந்ததும் ஜல்லியோடு சேர்ந்து போய்விடுகிறது.

எடுப்பது எப்படி?

கருவிகள் எல்லாம் வீட்டிலேயே இருப்பவை. பேனாக்கத்தி, சிறிய உளி, சுத்தியல், லென்ஸ், நோட்டு, பென்சில், பழைய நியூஸ் பேப்பர். பேனா வேண்டாம், மழை பட்டால் மை பரவிவிடும். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. ஈரத்தோடு மூடினால் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும்.

மரத்தில் இருப்பதை எடுக்கும்போது மேல்பட்டையோடு மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி உள்பட்டையைத் தொடக் கூடாது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் கை அளவு தெரியும் என்பார்களே, அந்த நிதானம் வேண்டும். பாறையில் ஒட்டியிருப்பதற்கு உளியைச் சாய்வாக வைத்து மெல்லிய சில்லாகப் பெயர்க்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்; கிரானைட் சில்லு பறந்தால் கண் போய்விடும். ஓரிடத்தில் ஏராளமாக இருந்தால் மட்டும், அதில் தீப்பெட்டி அளவு எடுத்தால் போதும். ஒன்றே ஒன்று இருந்தால் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுவதுதான் நியாயம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கே வயலோரமெல்லாம் நடுகற்கள் உண்டு. மல்லசந்திரத்தில் இருப்பதுபோலப் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் உண்டு. அவற்றின்மேல் படர்ந்திருக்கும் லைக்கனில் கை வைக்காதீர்கள். சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். அதேபோல, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காப்புக்காட்டுக்குள்ளும், 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. யானை நடமாட்டம் வேறு. நம் கணக்குக்குப் பட்டா நிலத்து மரமும் பாறையுமே போதும்.

எடுத்ததை நிழலில், காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காய வைக்கக் கூடாது. பிறகு காகிதத்தில் பொட்டலம் கட்ட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் மடிப்பார்களே, கீழிருந்து ஒரு மடிப்பு, இரண்டு பக்கமும் உள்ளே, மேலிருந்து ஒரு மூடி. உலகத்தின் பெரிய ஹெர்பேரியங்களிலும் லைக்கனுக்கு ஏறக்குறைய இதே பொட்டலம்தான். செடிகளை அட்டையில் ஒட்டி வைப்பார்கள். லைக்கனை ஒட்டினால் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாது. அடிப்பக்கத்து நிறம், அதில் உள்ள சிறு வேர் போன்ற இழைகள் எல்லாம் இனத்தைக் கண்டுபிடிக்கத் தேவை.

பொட்டலத்தின்மேல் எழுதுவதுதான் உயிர்

எழுத்தில்லாத பொட்டலத்தை மசாலா டப்பாவில்தான் போடலாம். எவ்வளவு அழகான லைக்கனாக இருந்தாலும், எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் ஹெர்பேரியம் வாங்கிக்கொள்ளாது.

இந்த எல்லைப் பகுதியில் இடத்தை எழுதுவதில் உள்ள சிக்கல் வேறெங்கும் அவ்வளவு இல்லை. ‘ஓசூர்’ என்று மட்டும் எழுதினால் எந்த ஓசூர்? கன்னடத்தில் ஹொசூரு என்றால் புதிய ஊர். கர்நாடகத்தில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அடுத்தது மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரியும்வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம். 2004 வரை தருமபுரி மாவட்டம். அதன்பிறகு கிருஷ்ணகிரி. ஒரே பாறையிலிருந்து மூன்று தலைமுறை எடுத்திருந்தால் மூன்று மாவட்டப் பெயர் இருக்கும். ஊர்ப் பெயரையும் தமிழில் ஒரு மாதிரி, கன்னடத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி எழுதுகிறார்கள். அட்டவணை தயாரிப்பவர்களுக்கு இனத்தைக் கண்டுபிடிப்பதைவிட ஊரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாகிவிடும்.

ஆகவே கிராமம், வட்டம், மாவட்டம், மாநிலம் நான்கையும் எழுதுங்கள். பட்டாவில் உள்ள சர்வே எண்ணையும் எழுதுங்கள். செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றையும் குறித்துவிடுங்கள். உயரம் இங்கே முக்கியம். ஓசூர் மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர். சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கிக் கிருஷ்ணகிரி வந்தால் 500 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறோம். ஒரு மணி நேரப் பயணத்தில் குளிரும் ஈரமும் மாறிவிடுகின்றன, லைக்கனும் மாறும். மாற்றம் புகையாலா, உயரத்தாலா என்று பின்னால் பிரித்துப் பார்க்க இந்த எண் வேண்டும்.

பிறகு எந்த மரம், எத்தனை வயது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தத் திசைப் பக்கம், சாலையிலிருந்தும் குவாரியிலிருந்தும் எவ்வளவு தூரம், தேதி, எடுத்தவர் பெயர், வரிசை எண். அந்த வரிசை எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான்.

விவசாயி மட்டுமே எழுதக்கூடிய ஒரு விவரமும் இருக்கிறது. மரத்துக்குக் கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தீர்கள்? காப்பர் மருந்து அடித்த தோப்பில் லைக்கன் குறையும். தப்பிப் பிழைத்ததில் தாமிரம் அதிகமாக இருக்கும். அதை எழுதாவிட்டால், நாளைக்கு யாரோ ஒருவர் அந்தத் தாமிரத்தை ஆலைக் கணக்கில் எழுதிவிடுவார். கோழிப்பண்ணை பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அமோனியா நிறைந்த காற்றை விரும்பும் லைக்கன்கள் கால்நடைப் பண்ணைகளைச் சுற்றிப் பெருகுவதை நெதர்லாந்து போன்ற நாடுகளில் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஆலைக்காரர்களை மட்டும் பார்த்துக் கை நீட்டுவதற்கான வேலை இது இல்லை.

ஹெர்பேரியத்துக்குள்

பொட்டலம் வந்ததும் முதலில் உறைபெட்டிக்குள் போகும். பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி அளவில் சில நாள்கள். உள்ளே இருக்கும் சிறு பூச்சியும் முட்டையும் சாக இதுவே வழி. நெல் குதிருக்குள் அந்துப்பூச்சி புகுந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஹெர்பேரியத்திலும் அதே கதைதான்.

பிறகு இனம் கண்டுபிடிக்கும் வேலை. மேல் தோற்றத்தைப் பார்த்துப் பாதிதான் சொல்ல முடியும். மெல்லிய சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வித்துகளின் வடிவம், நிறம், அறைகளின் எண்ணிக்கை பார்ப்பார்கள். அதன்பின் சொட்டுச் சோதனை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி, பிளீச்சிங் கரைசலில் ஒரு துளி. மஞ்சளாகிறதா, சிவக்கிறதா, மாறவே இல்லையா என்று பார்ப்பார்கள். இதையும் 1866-ல் தொடங்கிவைத்தவர் பாரிஸ் பூங்காவைப் பற்றி எழுதிய அதே நைலாண்டர்தான். சிலவற்றைப் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பார்கள். நம் மாமரத்து பிக்ஸின் கோகோஸ் அப்போது மஞ்சளாக ஒளிரும். பட்டையில் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அதுவா இது என்று தோன்றும்.

பெயர் உறுதியானதும் ஹெர்பேரியத்தின் சொந்தப் பதிவு எண் விழும். பெயர் பின்னால் மாறலாம். கல்பாசிக்கே பார்மீலியா என்றிருந்த பெயர் பார்மோட்ரீமா என்று மாறிவிட்டது. பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். புதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, யார் எப்போது மாற்றினார் என்று எழுதுவார்கள். நிலத்துக்கு மூலப்பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல.

இந்தியாவில் இந்த வேலையை ஒரு துறையாகவே வளர்த்தவர் லக்னோவின் தரணி தர் அவஸ்தி. 1922-ல் பிறந்து 2011-ல் மறைந்தவர். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை லைக்கன்களின் பட்டியலை 1965-ல் வெளியிட்டார். 1988-லும் 1991-லும் இனம் கண்டுபிடிக்கும் வழிகாட்டிகளை வெளியிட்டார். தன் 85-வது வயதில், 2007-ல் இன்னொரு பெரிய தொகுப்பு. அவர் சேகரித்தவை இன்று லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன. தமிழ்நாட்டில், கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஜார்ஜ் ஃபோரோ என்ற பாதிரியார் பழனி மலையின் பாசங்களையும் லைக்கன்களையும் பல வருடம் சேகரித்தார். பிற்காலத்தில் சேர்வராயன், கொல்லிமலைப் பகுதிகளிலும் ஆய்வுகள் நடந்தன. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் லைக்கன் ஆராய்ச்சி செய்திருக்கிறது. கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகளைக் காக்கிறது. எல்லாரும் மலையைத் தேடித்தான் போனார்கள். ஈரமான மலையில் லைக்கன் வகை வகையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் மாந்தோப்பில் பத்து வகைதான் இருந்தாலும், அந்தப் பத்துக்குத்தான் இப்போது அவசரம் என்பது எங்கள் கருத்து.

விவசாயி இதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளியின் தேசியப் பசுமைப் படை மாணவர்கள், பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறை, தோப்பின் சொந்தக்காரர் மூவரும் சேர்ந்தால் ஒரு ஜனவரி மாதத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். மழை முடிந்து பனி இருக்கும் அந்த நாள்களில் லைக்கன் நிறம் தெளிந்து தெரியும். ஆலைக்கு அருகே மூன்று மரம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி மூன்று, அஞ்செட்டிப் பக்கம் பட்டா நிலத்தில் மூன்று. ஒரே வகை மரமாக, ஒத்த வயதாக இருக்கட்டும். ஒன்றைக் கல்லூரியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஹெர்பேரியத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வது மரியாதை. அவர்கள் கேட்கும் படிவமும் தெரிந்துவிடும்.

வாசகர் கேள்விகள்

எங்கள் தோப்பில் லைக்கன் குறைந்துவிட்டது. இதை வைத்துப் பக்கத்து ஆலைமீது வழக்குப் போட முடியுமா?

இதை மட்டும் வைத்து நிற்காது. நிழல் மாறினாலும், மருந்து அடித்தாலும், தொடர்ந்து வறட்சி வந்தாலும் லைக்கன் குறையும். எங்கே கருவி வைத்து அளக்க வேண்டும் என்று காட்ட அது உதவும். தேதி போட்ட மாதிரிகளும், தூரத்துக்கு ஏற்ற ஒப்பீடும், ஆய்வுக்கூடத்தில் அளந்த உலோக அளவும் சேர்ந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் காற்றை அளக்கச் சொல்லி எழுதும் மனுவுக்குக் கனம் கூடும். உலோகம் அளக்கச் சில கிராம் உலர்ந்த லைக்கன் தேவைப்படும். அதற்குத் தனியாக, துருப்பிடிக்காத கத்தியால் எடுங்கள்.

அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். அடிக்கலாமா?

வெயில் வெடிப்புக்காகவோ பூச்சிக்காகவோ அடிப்பதென்றால் அடியுங்கள். லைக்கனை ஒழிக்க என்று அடிக்க வேண்டியதில்லை. தோப்பின் ஓரத்தில் இரண்டு மரத்தை மட்டும் சுண்ணாம்பும் மருந்தும் படாமல் விட்டுவைத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் அதே இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துவாருங்கள். காசு செலவில்லாத பதிவு அது.

கடையில் வாங்கும் கல்பாசியிலும் இப்படி உலோகம் இருக்குமா?

எங்கே எடுத்தது என்பதைப் பொறுத்தது. 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் லைக்கன் தின்ற பனிமான்களின் கறியில் கதிரியக்கம் ஏறி, அந்தக் கறியை விற்க முடியாமல் போனது. நம் மசாலாவுக்குப் போடுவது ஒரு சிட்டிகை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் சாலையோர மரத்திலிருந்தோ ஆலை மதிலிலிருந்தோ சுரண்டிச் சமையலுக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக் கல்பாசியில் பல இனங்கள் கலந்தே வரும்.

விலை நன்றாக இருக்கிறதே, கல்பாசியைத் தோட்டத்தில் பயிர் செய்ய முடியுமா?

முடிவதாக யாரும் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். பூஞ்சையையும் பாசியையும் ஆய்வுக்கூடத்தில் தனித்தனியாக வளர்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தோட்டத்தில் அறுவடைக்கு வரும் அளவு வளர்க்கும் முறை விவசாயிக்கு வரவில்லை. சந்தைக்கு வருவது இமயமலை, மேற்குத்தொடர்ச்சி மலைப் பகுதிகளில் மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் சேகரித்தது. ஒரு முறை வழித்து எடுத்த கிளையில் அது மறுபடி கை அகலம் ஆகப் பல வருடம் பிடிக்கும்.